பரமேஸ்வராக் கல்லூரி வளாகமானமை: ஒரு கட்டிடத்தின் வரலாற்றை எழுதுதல் பற்றி

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலே பல்கலைக்கழகத்தை அண்டியுள்ள சந்தியை மக்கள் இன்றும் பரமேஸ்வராச் சந்தி என்றே வழங்குகின்றனர். பஸ்ஸில் வரும் மாணவர் அப்பெயரைச் சொல்லியே இறங்குகின்றனர். வளவினுள்ளே இருக்கும் பரமேஸ்வரன் கோயிலினாலேயே அப்பெயர் வந்தது என்று அவர்களிற் பலர் எண்ணுதல் கூடும். அங்கே 1921ஆம் ஆண்டு தொடக்கம் அரை நூற்றாண்டுக்கு மேலாக ஒரு பாடசாலை நடந்தது. பல்கலைக்கழகம் அப்பாடசாலையின் கட்டிடங்களிலேயே தன் முதல் மூச்சை விட்டது. இது தெரிந்தவர் தொகை ஆண்டுதோறும் குறைந்து வருகிறது.

ஈழத்திலே பாடசாலை வரலாறுகளுக்குப் பஞ்சமில்லை. வெள்ளி விழா, பொன்விழா, நூற்றாண்டு விழா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மலர் வெளிவருகிறது. மலரைத் திறந்தால் முதலில் ஸ்தாபகரின் படம்; அடுத்து ஆசிச் செய்திகள்; பின்னர் அதிபர்களின் வரிசை; அதன் பின்னர் பரீட்சைப் பெறுபேறுகளும் கிரிக்கட் வெற்றிகளும்; இறுதியிற் கடைக்காரரின் விளம்பரங்கள். இம்மலர்களைத் தொகுப்போரின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. சிலவற்றிலே வேறெங்கும் கிடையாத செய்திகள் கிடக்கின்றன. ஆயினும் இவ்வகை எழுத்தினைத் திறனாய்வுக் கண்கொண்டு நோக்குமிடத்து ஓர் உண்மை புலப்படாமற் போகாது. இது வரலாறு என்ற பெயரில் எழுதப்படும் துதிப்பாடல். பண்டைக் காலத்திலே கோயில் கட்டிய அரசனைப் புலவன் பாடினான். இன்று பள்ளி கட்டிய பிரபுவை மலராசிரியர் பாடுகிறார். கோயிலுக்குக் கல் சுமந்தவனும் வாயிலுக்கு வெளியே நின்றவனும் அன்றும் பாட்டில் இல்லை; இன்றும் மலரில் இல்லை.

பரமேஸ்வராவை நாம் இங்கு எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம். சைவப் பிரபு ஒருவர் எழுப்பிய கல்லூரி அரசாங்கத்தின் கைக்கு வந்து, பின்னர் பல்கலைக்கழக வளாகமாக மாறிய இவ்வரலாற்றைத் துதிப்பாடலாக எழுதினால் அது அரைப் பக்கத்தில் முடிந்துவிடும். அந்த வாயிலினூடாக எந்தெந்தக் காலத்தில் யார் யார் உட்சென்றனர், யார் யார் வெளியே நின்றனர் என்று கேட்கத் தொடங்கினாலோ யாழ்ப்பாணச் சமூகத்தின் ஒரு நூற்றாண்டு நம் முன் விரியும்.

சேர். பொன்னம்பலம் இராமநாதன் (1851–1930) இக்கல்லூரியைத் தொடங்கியபோது எழுபது வயதை எட்டியிருந்தார். அதற்கு எட்டாண்டுகள் முன்னரே, 1913இல், மருதனார்மடத்திலே பெண்களுக்கென இராமநாதன் கல்லூரியை நிறுவியிருந்தார். இவ்விரண்டினதும் பின்னணி யாவரும் அறிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் யாழ்ப்பாணத்தின் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷனரிமாரின் கையிலிருந்தது. ஆறுமுகநாவலர் 1848இல் வண்ணார்பண்ணையிலே தொடக்கிய சைவப்பிரகாச வித்தியாசாலையும், 1890இல் எழுந்த இந்துக் கல்லூரியும் அதற்குச் சைவர் அளித்த விடைகள். அவ்விடைகளின் வரிசையிலே பொருள்வளத்தாற் பெரியதொரு விடை பரமேஸ்வரா. வழக்கறிஞர் தொழிலாலும் நிலத்தாலும் சேர்ந்த தம் செல்வத்திற் பெரும் பங்கை இராமநாதன் கல்விக்கும் கோயிலுக்கும் கொடுத்தார் என்பது மறுக்க முடியாத உண்மை. அக்காலத்து ஏனைய தனவந்தர் பலர் கொழும்பிலே மாளிகை கட்டுவதோடு நின்றுவிட்டனர் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அந்தக் கல்வி யாருக்கு? அக்காலத்து யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் பாடசாலை என்பது உத்தியோகத்துக்குச் செல்லும் படலை. எழுதுவினைஞர் பதவி, புகையிரதப் பகுதி, தபாற் கந்தோர், கடல் கடந்தால் மலாயா. மலாயாவிலிருந்து மாதந்தோறும் வந்த மணியோடர்களாற் கல்வீடுகள் எழுந்தன, சீதனங்கள் உயர்ந்தன, தம்பிமாரின் பள்ளிக் கட்டணமும் அப்பணத்தாலேயே கட்டப்பட்டது. கட்டணம் கட்ட இயலாதவனின் பிள்ளைக்கு ஊர்த் தமிழ்ப் பள்ளியே எல்லை. அங்கும் தாழ்த்தப்பட்ட மக்களின் பிள்ளைகள் தரையிலோ, வகுப்பின் ஒதுக்குப்புறத்திலோ, விறாந்தையிலோ இருக்க வேண்டியதாயிற்று. பல இடங்களில் அந்தத் தரையும் கிடைக்கவில்லை. மிஷன் பாடசாலைகள் இவ்விடயத்திலே தூய்மையானவை என்று எவரும் எண்ணிவிடலாகாது. பைபிளைக் கையிற் கொடுத்தவர்கள் பந்தியிலே சாதிக்கு விட்டுக்கொடுத்த சந்தர்ப்பங்கள் பல. சமயத்தால் ஒன்றையொன்று எதிர்த்து நின்ற இரு முகாம்களும் சாதி என்னும் வேலியருகே வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டன.

இராமநாதனின் அரசியலும் இதே முரண்பாட்டைக் காட்டுகிறது. 1915ஆம் ஆண்டுக் கலவரத்தின்போது குடியேற்ற ஆட்சி கட்டவிழ்த்துவிட்ட அடக்குமுறையை அவர் சட்டசபையிலே துணிந்து கண்டித்தார். இலண்டனுக்குச் சென்று சிங்களத் தலைவர்களுக்காக வாதாடினார். திரும்பி வந்தபோது கொழும்பிலே அவரது வண்டியை மக்களே இழுத்துச் சென்றனர். அதே இராமநாதன், 1927இல் டொனமூர் ஆணைக்குழு வந்தபோது சர்வசன வாக்குரிமையை எதிர்த்து நின்றார். அந்நியனின் இராணுவச் சட்டத்துக்கு அஞ்சாத மனிதர், தம் சொந்த ஊரிலே கூலியாளும் வாக்களிப்பான் என்ற எண்ணத்துக்கு அஞ்சினார். இதைத் தனி மனிதரின் குணக்குறையாகக் கொள்வது தவறு. நிலத்தையும் சாதியையும் ஆதாரமாகக் கொண்ட ஒரு வர்க்கத்தின் தாராண்மை எந்த எல்லைவரை செல்லும் என்பதை இது துல்லியமாகக் காட்டுகிறது.

1929, 1930 ஆகிய ஆண்டுகளிலே உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்பட வேண்டும் என்ற நெருக்குதல் அரசாங்கத்திடமிருந்து வந்தபோது யாழ்ப்பாணம் கொந்தளித்தது. எதிர்ப்பு மனுக்கள் பறந்தன. சில பாடசாலைகள் இரவோடிரவாக எரிக்கப்பட்டன. ஒரு பிள்ளை வாங்கிலே உட்காருவதைக் காட்டிலும் பள்ளியே சாம்பலாவது மேல் என்று எண்ணிய மனங்கள் இருந்தன. அதே ஆண்டுகளிலே மாணவரும் இளம் ஆசிரியரும் சேர்ந்து வளர்த்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தீண்டாமைக்கு எதிராகவும் பூரண சுயராச்சியத்துக்காகவும் குரல் கொடுத்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. ஹன்டி பேரின்பநாயகம் போன்ற ஆசிரியர்கள் அவ்வியக்கத்தின் உயிர்நாடியாக விளங்கினர். யாழ்ப்பாணத்து வகுப்பறை பிற்போக்கின் கோட்டையாகவும் அதற்கெதிரான பாசறையாகவும் ஒரே காலத்தில் இருந்திருக்கிறது. மலர்களில் வரும் அமைதியான ஓவியத்திலே இவ்விரண்டும் இல்லை.

கட்டிடம் என்று பேசுகிறோம். அதைக் கட்டியவர் யார்? அக்கால யாழ்ப்பாணத்துக் கட்டிடம் எதுவாயினும் நிலத்திலிருந்து பிளந்தெடுத்த சுண்ணக் கல்லும், சூளையில் நீற்றிய சுண்ணாம்பும், பனஞ் சிலாகையும், ஓடுமே அதன் உடல். கல்லுடைத்தவர், சூளை வைத்தவர், பனை தறித்துச் சீவியவர், மேசனுக்குக் கையாளாய் நின்ற பெண்கள் ஆகியோர் எவருடைய பெயரும் எந்தப் பெயர்ப்பலகையிலும் பொறிக்கப்படவில்லை. அவர்களின் கூலிக் கணக்காவது எங்கேனும் ஒரு கந்தோர் அலுமாரியில் எஞ்சியிருக்குமாயின் அது ஆசிச் செய்திகள் நூறினும் பெறுமதியுடையது. தாம் எழுப்பிய சுவருக்குள்ளே தம் பிள்ளை படிக்க இயலாதென்பதை அறிந்துகொண்டே சுவர் எழுப்பியவர்கள் இந்நாட்டில் எத்தனை பேர்! எந்த ஊர்ப் பெரிய கல்லூரியைப் பார்க்கும்போதும் நமக்கு முதலில் எழும் எண்ணம் இதுவே.

வாயிலைச் சிறிது சிறிதாக அகலத் திறந்தவை இரண்டு நடவடிக்கைகள். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவிபெறும் பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவற்றை அரசாங்கத்திடம் கொண்டுவந்தன. வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரி போன்ற சில மட்டுமே கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாக விலகி நின்றன. அன்று எழுந்த எதிர்ப்பை நினைவுகூர்வோர் கத்தோலிக்கரின் போராட்டத்தையே பெரிதும் பேசுவர். சைவ முகாமைக்காரரும் மகிழ்ச்சியோடு சாவியைக் கொடுத்துவிடவில்லை. முகாமை என்பது வெறும் நிர்வாகமன்று. யாரை ஆசிரியராக நியமிப்பது, யார் பிள்ளையைச் சேர்ப்பது, யாரை வாசலோடு திருப்பி அனுப்புவது என்ற அதிகாரம் அது. சிறுபான்மைத் தமிழர் மகாசபை போன்ற அமைப்புகள் அதுவரை அரசாங்கப் பாடசாலைகளையே கேட்டு நின்றதற்கு அதுதான் காரணம். அரசாங்கம் நடத்தும் பாடசாலையிலே சாதி ஒழிந்துவிட்டது என்று நாம் கூறவரவில்லை. ஆனால் முகாமையாளரின் திண்ணையிலே கைகட்டி நிற்க வேண்டிய நிலை ஒழிந்தது. சட்டத்தின் பெயரால் உரிமை கேட்க ஓர் இடம் பிறந்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டமும், 1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி எழுந்த ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் நடந்த போராட்டமும் இந்த வரலாற்றின் பகுதிகளே. பள்ளிக்கூட வாயிலையும் தேநீர்க்கடை வாயிலையும் கோயில் வாயிலையும் தனித்தனி வரலாறுகளாக எழுதுவோர் மூன்றையும் விளங்கிக்கொள்ளார்.

இந்தப் பின்னணியிலேயே 1974ஐ நோக்க வேண்டும்.

1971 முதல் நடைமுறைக்கு வந்த தரப்படுத்தல், மொழிவாரியாகப் புள்ளிகளை வேறுபடுத்தித் தமிழ் மாணவரின் பல்கலைக்கழகப் பிரவேசத்தைக் குறைத்தது. அதன் பின்னர் வந்த மாவட்ட ஒதுக்கீடு யாழ்ப்பாண மாவட்டத்து மாணவரை மேலும் தாக்கியது. ஆயினும் கல்வி வசதி குறைந்த வேறு மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு, தமிழ்ப் பிள்ளைகள் உட்பட, அது புதிதாக ஒரு வழியைத் திறந்தது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிப் பேசுவது இன்றுவரை தொடர்கிறது. முன்னது அநீதி, பின்னது விவாதத்துக்குரியது. தமிழரசுக் கட்சியோ திருகோணமலையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் வேண்டுமென நெடுங்காலமாகக் கேட்டு வந்தது. இத்தகைய சூழலிலேதான் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் 1974 ஆகஸ்டில் நிறுவப்பட்டு, ஒக்டோபர் 6ஆந் திகதி பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவினால் திறந்து வைக்கப்பட்டது. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதற் தலைவர்.

ஆகஸ்டுக்கும் ஒக்டோபருக்கும் இடையிலே இரண்டு மாதங்களே. அக்காலத்துள் ஒரு பல்கலைக்கழகத்தைக் கட்டியெழுப்ப எந்த மேசனாலும் ஆகாது. ஆதலின் ஏற்கனவே எழுந்து நின்ற சுவர்கள் தேடப்பட்டன. திருநெல்வேலியிலே பரமேஸ்வராக் கல்லூரியும், விஞ்ஞானத்துக்கென வட்டுக்கோட்டையிலே யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரி வகுப்புக் கட்டிடங்களும் வளாகத்துக்கு இடமாயின. இந்த இணைப்பினை வரலாற்றாசிரியர் எவரேனும் நின்று நிதானித்துப் பார்த்ததுண்டா?

வட்டுக்கோட்டை என்பது என்ன? 1823இல் அமெரிக்க மிஷனரிமார் அங்கு ஒரு செமினரியைத் தொடங்கினர். டானியல் பூவர் அதன் முதல் அதிபர். ஆசியாவிலே ஆங்கில உயர்கல்வியின் மூத்த நிலையங்களுள் அது ஒன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகிய சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையும் அங்கு படித்தவர்களே. மதம் மாற்றும் நோக்கத்துக்கு அது போதிய பயன் தரவில்லை என்று அமெரிக்காவிலிருந்து வந்த மேலாளர்கள் கருதினர். 1855இல் அது மூடப்பட்டது. உயர்கல்வியின் சுவை கண்ட ஊர் மக்கள் விடவில்லை. 1872இல் அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அந்நியன் மதம் பரப்பக் கட்டிய கூடத்திலே படித்து வெளியேறிய தாமோதரம்பிள்ளை கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் அச்சேற்றினார். கட்டிடம் கட்டியவனின் நோக்கத்துக்குள் அதன் வரலாற்றை அடைத்துவிட முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

அப்படிப்பட்ட வட்டுக்கோட்டையும், அந்த மிஷன் கல்விக்கு எதிர்விடையாகச் சைவம் எழுப்பிய பரமேஸ்வராவும், ஒரு நூற்றாண்டுப் பகையின் இரு கரைகளும், 1974இல் ஒரே பொது நிறுவனத்தின் இரு கூடங்களாயின. ஒன்றிலே விஞ்ஞானம், மற்றையதிலே மானிடவியற் பாடங்கள். இரண்டுக்கும் தலைவராக அமர்ந்தவரோ சமயத்தையும் இலக்கியத்தையும் சமூக உற்பத்தி உறவுகளோடு பொருத்திப் பார்த்த மார்க்சிய விமர்சகர். பேர்மிங்காமிலே ஜோர்ஜ் தொம்சனிடம் ஆராய்ந்தவர். ‘தினகரன்’ ஆசிரியராயிருந்து ஈழத்து முற்போக்கு எழுத்தாளருக்குப் பக்கம் திறந்துவிட்டவர். சர்வசன வாக்குரிமையை எதிர்த்தவர் எழுப்பிய மண்டபத்திலே பண்டைத் தமிழரின் வர்க்க அமைப்பைப் பற்றி விரிவுரை நடந்தது. வரலாற்றுக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு போலும்.

வளாகத்தின் பிறப்பைப் பற்றி அன்று இருவகைப் பேச்சு இருந்தது. அது தமிழ் மக்களின் கோரிக்கையைத் திசைதிருப்ப அரசாங்கம் எறிந்த எலும்பு என்றது ஒரு சாரார் பேச்சு. அது முற்போக்கு அரசாங்கம் அளித்த கொடை என்றது மறு சாரார் பேச்சு. இரண்டும் அரைகுறைப் பார்வைகள். தரப்படுத்தலாற் காயப்பட்ட மாணவனுக்கு அக்காயத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கூறாமல் வளாகத்தைக் காட்டி மகிழ்ச்சி கொள் என்றால் அவன் மகிழான். அதேவேளை, அந்த வளாகத்தைப் புறக்கணிக்குமாறு கூறியோர் தம் பிள்ளைகளைப் பின்னர் அங்கேதான் அனுப்பினர். தொடக்க ஆண்டுகளிலே சிங்கள மாணவரும் அங்கு கற்றனர். சுசரித கம்லத் போன்ற சிங்கள அறிஞர் அங்கு கற்பித்தனர். 1977ஆம் ஆண்டின் இனக்கலவரத்தின் பின்னர் அந்த நிலை நீடிக்க இயலாதாயிற்று. ஒரு கட்டிடத்தின் மறுபயன்பாடு திறந்துவிட்ட பாதையை அரசியல் எவ்வளவு விரைவில் அடைத்துவிட முடியும் என்பதற்கு அம்மூன்றாண்டுகள் சாட்சி. 1979 சனவரி முதலாந் திகதி வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று.

ஆனால் இக்கதையிலே ஒரு மரணமும் உண்டு. பல்கலைக்கழகம் பிறந்தபோது ஒரு பாடசாலை இறந்தது. பல்கலைக்கழகத்தின் வரலாற்றைக் கூறும் எழுத்துகளில் அந்த இறப்பு ஓர் அடைமொழியாகவே வந்து போகும்: “முன்னைய பரமேஸ்வராக் கல்லூரி.” அந்த “முன்னைய” என்ற சொல்லுக்குள்ளே எத்தனை வகுப்பறைகள், எத்தனை ஆசிரியர்கள், எத்தனை பிள்ளைகள்! பாடசாலை அயலாருடையது, காலையிலே நடந்து சென்று மத்தியானம் நடந்து வரக்கூடியது. பல்கலைக்கழகம் நாட்டுக்குரியது, அயலிலுள்ள பிள்ளை போட்டிப் பரீட்சையில் வென்றாலொழிய அதன் வாயிலுள் நுழைய மாட்டான். பொது நன்மைக்காக ஒரு பள்ளியை ஒப்படைப்பது நியாயமானதே என்று நாம் கருதுகிறோம். உயர்கல்விக்காகக் கொழும்புக்கும் பேராதனைக்கும் செல்ல வசதியற்ற ஆயிரக்கணக்கான ஏழைப் பிள்ளைகளுக்கு, விசேடமாகப் பெண் பிள்ளைகளுக்கு, வீட்டிலிருந்தே சைக்கிளிற் சென்று பட்டம் பெறும் வாய்ப்பை அது கொடுத்தது. அந்த நியாயத்தை நிலைநாட்டுவதற்கு விலை கொடுத்தவரை மறைக்க வேண்டிய அவசியம் என்ன? விலையைச் சொல்லாத வரலாறு, கணக்குக் காட்டாத பொருளாளரைப் போன்றது.

பெயர்களைப் பாருங்கள். வீதிக்கு இராமநாதன் பெயர். மருதனார்மடத்திலே இசைக்கும் நடனத்துக்குமான நுண்கலைக் கழகம் 1975இல் வளாகத்தோடு இணைந்தது. அதுவும் அவர் பெயரையே தாங்குகிறது. வளவினுள்ளே கைலாசபதி கலையரங்கம். இரண்டு பெயர்களும் தகுதியானவையே. இரண்டும் ஒரே வளவில் இருப்பதும் நன்றே. உள்ளே வர முடியாது நின்ற எவரது பெயரும், கல் சுமந்த எவரது பெயரும், 1974இல் புத்தகப் பையோடு வேறு பள்ளிக்கு நடந்த எவரது பெயரும் எதற்கும் இல்லை. பெயர் சூட்டுவது ஒன்றும் பெரிய காரியமன்று என்று சிலர் கூறலாம். சிறு காரியமெனில் அதற்காக இத்தனை குழுக்கள் கூடி இத்தனை நாள் வாதிடுவானேன்?

இதன் பின்னர் அக்கட்டிடங்கள் கண்டவை வேறொரு நூலுக்குரியவை. 1980இல் ஆனைக்கோட்டையிலே பூமிக்கடியிலிருந்து பெருங்கற்காலச் சவக்குழிகளை வெளிக்கொணர்ந்தவர்கள் இப்பல்கலைக்கழகத்தினர். 1985இல் குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ நாடகத்தை இம்மாணவர்கள் ஊர் ஊராகக் கொண்டு சென்றனர். அரங்கத்துள் அடங்கிக் கிடக்க வேண்டிய கலை கோயில் வீதிகளிலும் பள்ளி முற்றங்களிலும் மக்களோடு அழுதது. எந்தக் கட்டிடத்துக்கும் அதனினும் உயர்ந்த பயன் இல்லை. 1987 ஒக்டோபர் 11ஆந் திகதி இரவு இந்தியப் படையின் உலங்குவானூர்திகள் விளையாட்டு மைதானத்திலே சிப்பாய்களை இறக்கின. விடிவதற்குள் அம்மைதானம் பிணக்களமாயிற்று. 1989 செப்டெம்பர் 21இல் உடற்கூற்றியல் விரிவுரையாளர் ரஜனி திராணகம பல்கலைக்கழகத்தின் அயலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 1995 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது கூடங்கள் வெறிச்சோடின. 2021 சனவரி 8ஆந் திகதி இரவு வளவினுள்ளிருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபி இடித்தழிக்கப்பட்டது, மாணவர் போராடினர், அவ்வாண்டு ஏப்ரிலில் அது மீள எழுந்தது. கட்டிடம் வெறுங் கல்லும் சுண்ணாம்பும் எனின், ஒரு தூபிக்காக இரவிலே இயந்திரங்கள் வருவானேன்?

பழைய கட்டிடங்களைப் பேணுதல் பற்றி இக்காலத்திலே நிறையப் பேசப்படுகிறது. நல்லதே. ஆனால் அப்பேச்சிற் பெரும்பகுதி தூணைப் பற்றியும் வண்ணப்பூச்சைப் பற்றியுமே. கொழும்பு கோட்டையிலே ஒல்லாந்தர் கட்டிய வைத்தியசாலை 2011 முதல் உணவகங்களும் கடைகளும் நிரம்பிய அழகிய முற்றமாக விளங்குகிறது. ஓடும் உத்திரமும் செம்மையாகப் பேணப்பட்டுள்ளன. ஆனால் அங்கு ஒரு கோப்பைத் தேநீருக்கு விலை கொடுக்க நாட்கூலிக்காரனால் இயலுமா? பழைய சுவரைக் காத்துவிட்டு வாயிலைப் பணத்தால் அடைக்கும் பேணுகை ஒன்று. சுவர் சிறிது சிதைந்தாலும் வாயிலை முன்னையினும் அகலத் திறக்கும் பேணுகை வேறொன்று. பரமேஸ்வராவின் வரலாறு இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பதே நமது மதிப்பீடு. கல்வி நடந்த இடத்திலே கல்வியே தொடர்கிறது. கட்டணம் வாங்கிய இடத்திலே கட்டணம் இல்லை. ஒரு சமயத்தாரின், ஒரு தட்டினரின் பிள்ளைகளை மனத்திற் கொண்டு எழுந்த கூடத்திலே வன்னியிலிருந்தும் மலைநாட்டிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த பிள்ளைகள் இருக்கின்றனர். இது தானாக நிகழ்ந்ததன்று. 1945உம் 1957உம் 1961உம் 1966உம் இல்லாமல் இந்த 1974 இல்லை. ஸ்தாபகரின் வள்ளன்மையிலிருந்து நேரே பல்கலைக்கழகத்துக்குத் தாவும் வரலாறு, இடையிலே போராடிய மக்களைப் பாலத்தடியிலே புதைத்துவிடுகிறது.

ஆசிரியருக்கும் மாணவருக்கும் நாம் கூறக்கூடியது ஒன்றுண்டு. அடுத்த மலருக்குக் கட்டுரை கேட்டு யாரேனும் வந்தால், ஸ்தாபகரின் சரித்திரத்தை மீண்டும் ஒருமுறை எழுதிக் கொடுக்காதீர்கள். கந்தோருக்குச் சென்று சேர்வு இடாப்பைக் கேளுங்கள். சம்பவத்திரட்டுப் புத்தகத்தைக் கேளுங்கள். கறையானுக்கும் மழைக்கும் யுத்தத்துக்கும் தப்பிய தாள்கள் இன்னும் பல பள்ளிகளிலே கிடக்கின்றன. எந்த ஆண்டிலே எந்த ஊர்ப் பிள்ளைகள் வந்தனர், எந்தக் குறிச்சிப் பிள்ளைகள் ஒருவரேனும் வரவில்லை, எந்த வகுப்போடு பெண்கள் நின்றனர், யார் எக்காரணத்தால் விலகினர் என்பவை அங்கே வரிவரியாக உள்ளன. ஒரு வகுப்பு மாணவர் ஒரு தவணைக்குள் செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

பரமேஸ்வராவைப் பொறுத்தவரை தாளை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை. 1974இல் எட்டாம் வகுப்பில் இருந்த பிள்ளை இன்று அறுபதைக் கடந்த ஒருவர். திருநெல்வேலியிலும் கொக்குவிலிலும் கோண்டாவிலிலும் அத்தகையோர் இருக்கின்றனர். அன்றைய ஆசிரியர்களிற் சிலர் எண்பதைக் கடந்தும் நினைவு தளராதிருக்கக்கூடும். கடைசி நாள் மணியை அடித்தவர் யார், வாங்குகளும் மேசைகளும் எங்கே போயின, அடுத்த நாட் காலையில் எந்த வீதியால் எந்தப் பள்ளிக்கு நடந்தனர் என்று அவர்களிடம் போய்க் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.